உஷாவின் கையில் இருந்த துப்பாக்கி

தமிழ் சினிமா பற்றிய எந்தப் பொது அறிவு நூலைத் திறந்தாலும் 'அந்த நாள்' ஒரே வரியில் முடிந்துவிடும்: பாடல்களே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் மாணவிகளுக்கும் அந்த வரி மனப்பாடம். படத்தைப் பார்த்தவர்கள் அவர்களில் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம். ஒரு படத்தை அதில் இல்லாத ஒன்றை வைத்தே எழுபது வருடங்களாக நினைவு வைத்திருப்பது விசித்திரமான மரியாதைதான். இருப்பதைப் பார்க்காமலே கடந்து போவதற்கு அது நல்ல வசதி.

இருப்பது என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொலையாளி யார் என்பதை மறைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பற்றி உருப்படியாக எதுவும் எழுத முடியாது. பொறுக்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

1954 ஏப்ரல் 13 அன்று ஏவி.எம். வெளியிட்ட படம். இயக்கியவர் எஸ். பாலசந்தர். பின்னால் வந்த கே. பாலசந்தர் வேறு, இவர் வீணை பாலசந்தர். வீணையில் உலகப் புகழ் பெற்ற ஒரு மனிதர் பாட்டே இல்லாத படத்தை எடுத்தார் என்பது அந்தக் காலத்துக் கிசுகிசுவைவிடச் சுவையான செய்தி. இயக்குநராக அவருடைய முதல் படத்தின் தலைப்பு 'என் கணவர்' (1948). ஆறு வருடம் கழித்து அவரே, கணவனை மனைவி சுடும் படத்தை எடுத்தார். கதை அவருடையது, திரைக்கதையும் வசனமும் ஜாவர் சீதாராமன். ஒளிப்பதிவு எஸ். மாருதி ராவ்.

1943 அக்டோபர். சென்னைமீது ஜப்பானியர் குண்டு போட்ட சமயம். படம் தொடங்கியதும் துப்பாக்கிச் சத்தம். ராஜன் என்ற ரேடியோ என்ஜினீயர் செத்து விழுகிறான். ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். 'பராசக்தி' வந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரத்தில், ரசிகர்கள் அவர் வசனத்தைக் கேட்கக் காத்திருந்த நேரத்தில், அவரை முதல் காட்சியிலேயே பிணமாக்கினார்கள். சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தமாக ஜாவர் சீதாராமனே வருகிறார். வீட்டில் இருப்பவர்களையும் அக்கம்பக்கத்தையும் ஒவ்வொருவராகக் கேட்கிறார். ஒவ்வொருவரும் இன்னொருவர் பெயரைச் சொல்கிறார்கள். அடுத்த வீட்டுச் சின்னையா பிள்ளை, ராஜனின் தம்பி பட்டாபியைக் காட்டுகிறார். பட்டாபி தன் மனைவி ஹேமாவையே காட்டுகிறான். ஹேமா, ராஜனுக்குத் தொடர்பு இருந்த நாட்டியக்காரி அம்புஜத்தைக் காட்டுகிறாள். அம்புஜம் சின்னையா பிள்ளையைக் காட்டுகிறாள். சந்தேகம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வருகிறது. இந்தச் சுற்றுக்கு வெளியே நிற்பவள் ஒருத்திதான், ராஜனின் மனைவி உஷா. பண்டரிபாய். உண்மை அவளிடம் இருக்கிறது. ராஜன் ஜப்பானுக்கு உளவு சொன்னவன். அது தெரிந்த பிறகு அவனுக்கு எதிராகத் துப்பாக்கியைத் தூக்கியவள் அவள்.

படம் ஓடவில்லை. பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்த சனம் கோபித்துக்கொண்டு எழுந்து போனது என்று சொல்வார்கள். மறு வருடம் தேசிய விருதுகளில் தமிழுக்கான வெள்ளிப் பதக்கத்தை 'மலைக்கள்ளன்' பெற்றது. 'அந்த நா'ளுக்கு ஒரு தகுதிச் சான்றிதழ். மக்களிடம் தோற்றது, காகிதத்தில் பாராட்டு வாங்கியது, பிறகு வினாடி வினாவுக்குள் போய் உட்கார்ந்தது.

இந்தப் படத்தின்மேல் மூன்று குறைகளைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். பாட்டில்லாத வறட்சி என்பது ஒன்று. குரோசவாவின் நகல் என்பது இன்னொன்று. மூன்றாவது நம் தோழிகளே சொல்வது: உஷா பெண்ணாக எதையும் செய்யவில்லை, தேசத்துக்காகச் செய்தாள், கணவன் என்ற எஜமானுக்குப் பதிலாகத் தேசம் என்ற எஜமானை வைத்துக்கொண்டாள். முதல் இரண்டும் எளிய வழக்குகள். மூன்றாவதுதான் என்னைப் பல வருடமாகத் தூங்கவிடாத வழக்கு.

நகல் விஷயத்தை முடித்துவிடலாம். 'ராஷோமோன்' 1950இல் வந்தது, 1951இல் வெனிஸில் பெரிய பரிசு வாங்கியது, 1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. பாலசந்தர் அதிலிருந்து தீப்பொறி எடுத்தார் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் குரோசவாவின் படத்தில் ஒரே சம்பவம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கடைசியில் உண்மை யாரிடமும் இல்லை. அங்கே மனைவியின் சாட்சியமும் மற்றவர்களுடையதைப் போலவே ஆட்டம் காண்கிறது. காட்டில் அவளுக்கு நேர்ந்த வன்முறையும் பல கதைகளில் ஒன்றாகிவிடுகிறது. நான் மதிக்கும் படம்தான், ஆனால் அந்த இடத்தில் எனக்கு அதனோடு தீராத மனத்தாங்கல் உண்டு. 'அந்த நாள்' அப்படி விடுவதில்லை. இங்கே உண்மை என்று ஒன்று இருக்கிறது, அதை ஒரு மனைவி சொல்கிறாள். 1950இல் வந்த ஆந்தனி ஆஸ்க்வித்தின் ஆங்கிலப் படம் ஒன்றோடும் இதை ஒப்பிடுவார்கள். அதில் செத்துக்கிடப்பவள் பெண்; ஐந்து பேர் அவளைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பாலசந்தர் செய்தது அதைக் கவிழ்த்துப் போட்டது. இங்கே பிணம் ஆண். அலசப்படுவது ஆணின் நடத்தை.

இது எவ்வளவு பெரிய புரட்டல் என்பது நுவார் படங்களின் சரித்திரத்தைத் தெரிந்தால்தான் உறைக்கும். யுத்தகாலத்து அமெரிக்கக் குற்றப் படங்களை யுத்தம் முடிந்தபின் மொத்தமாகப் பார்த்த பிரெஞ்சு விமர்சகர்கள் 1946இல் அவற்றுக்குக் கறுப்பு என்று பொருள்படும் அந்தப் பெயரை வைத்தார்கள். பாதி முகம் இருட்டில், ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில், மழை, சிகரெட், ஏமாந்த ஓர் ஆண். ஏமாற்றுபவள் பெண். 1944இல் வந்த 'டபுள் இன்டெம்னிட்டி'யில் இன்ஷூரன்ஸ் பணத்துக்காகப் புருஷனைக் கொல்லத் திட்டமிடும் ஃபில்லிஸ்தான் அவர்களில் மூத்தவள். ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சம்பாதித்தார்கள். திரும்பி வந்தவனுக்கு அவளைப் பார்த்துப் பயம். அந்தப் பயம்தான் திரையில் நாசகாரப் பெண்ணாக உருவெடுத்தது என்பது பெண்ணிய விமர்சகர்கள் வெகுநாளாகச் சொல்வது. ஆன் காப்லன் தொகுத்து 1978இல் வந்த கட்டுரை நூல் இந்த விவாதத்தின் முக்கியமான கட்டம்.

அந்தப் பெண்ணைத் தமிழ் வீட்டுக்குள் கொண்டுவந்தால் யாராக வர வேண்டும்? அம்புஜமாக. நாட்டியக்காரி, ஆசைநாயகி. நம் மேடையும் சினிமாவும் அவளுக்காகவே விஷக் கிண்ணத்தைத் தயாராக வைத்திருந்தன. பார்வையாளனும் அவளைத்தான் சந்தேகிப்பான். படமும் அந்த வலையைக் கொஞ்ச நேரம் விரித்து வைக்கிறது. பிறகு சுருட்டிக்கொள்கிறது. நாட்டியக்காரி கொல்லவில்லை. கொன்றவள் கொண்டையும் பொட்டுமாக அடுப்படியிலிருந்து காப்பி கொண்டுவரக்கூடியவள். கூடவே இன்னொன்று: ராஜனின் இன்னொரு உறவு உஷாவின் செயலுக்குக் காரணமாகக் காட்டப்படவில்லை. பொறாமை என்பது ஒரு பெண்ணின் கோபத்துக்குச் சினிமா எப்போதும் கையில் வைத்திருக்கும் மலிவான விளக்கம். அதை 1954இல் ஒரு படம் எடுத்து அப்பால் வைத்தது. இன்றைக்கும் எத்தனை படங்களால் அது முடிகிறது?

இங்கே எங்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. நான் பம்மலில் இருக்கிறேன். பல்லாவரத்தில் ரயிலிறங்கி ஷேர் ஆட்டோவில் வருகிறவர்களுக்கு இது தோல் கம்பெனிகளின் பக்கத்தில் இருக்கும் ஒரு புறநகர். தமிழ் நாடகம் படித்தவர்களுக்குப் பம்மல் சம்பந்த முதலியாரின் பெயரில் முதல் பாதி. அவர் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். நீதிபதியாக வேலை பார்த்துக்கொண்டே நாடகங்களை எழுதிக் குவித்தவர். அவருடைய 'மனோகரா'வில் வேசி வசந்தசேனையிடம் மயங்கிய அரசன் பட்டத்து அரசியைத் தள்ளி வைக்கிறான். அவமானத்தைப் பொறுக்காத மகன் தகப்பனைக் கொல்லத் துடிக்கிறான். தாய் பத்மாவதி அவன் கையைச் சத்தியத்தால் கட்டிப்போடுகிறாள். கணவன் தவறு செய்யலாம், அவனைத் தொடக்கூடாது. குற்றமெல்லாம் வசந்தசேனையின் தலையில். அரசன் கடைசியில் தெளிந்து திரும்பி வருவான். அவனுக்கு இடம் காத்திருக்கும். சபையின் மேடையில் இந்தப் பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

'மனோகரா' படமாக, கருணாநிதியின் வசனத்தோடு, எல்.வி. பிரசாத் இயக்கத்தில் 1954 மார்ச் 3 அன்று வந்தது. கண்ணாம்பா தாய், டி.ஆர். ராஜகுமாரி வசந்தசேனை, மகன் சிவாஜி. ஆறு வாரம் கழித்து அதே சிவாஜி 'அந்த நா'ளில். அந்த வசந்தகாலத்தில் சென்னையில் ஒரு பெண் மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என்று இரண்டையும் பார்த்திருக்கலாம். முதல் படத்தில் வீட்டுக்காரனின் துரோகத்துக்கு ஆசைநாயகி பொறுப்பு, மனைவி பொறுமை. இரண்டாவதில் ஆசைநாயகி நிரபராதி, வீட்டுக்காரனின் துரோகத்துக்கு வீட்டுக்காரனே பொறுப்பு, மனைவி கையில் துப்பாக்கி. முதல் படம் வெற்றி. இரண்டாவது தோல்வி. பாட்டு இல்லாததால்தான் தோற்றது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குச் சந்தேகம்.

பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் படங்களில் பாட்டு என்பது சங்கீதம் மட்டும் இல்லை. கதாநாயகி யோசிக்க வேண்டிய இடத்தில் அவளுக்குக் கொடுக்கப்படும் மாற்றுப் பொருள் அது. கணவன் கைவிட்டால் ஒரு சோகப் பாட்டு, சந்தேகப்பட்டால் ஒரு சாமி பாட்டு. மூன்றரை நிமிடத்தில் அவள் கண்ணீரும் நம் கண்ணீரும் கலந்து, அவனுடைய குற்றம் கரைந்துவிடும். பாட்டை எடுத்துவிட்டதால் உஷாவுக்கு அழுது கடக்கும் வழி அடைபட்டுப் போனது. அவள் பேச வேண்டியிருந்தது. வாதாட வேண்டியிருந்தது. ராஜனும் அவளும் சரிக்குச் சரி நின்று தர்க்கம் செய்வது இந்தப் படத்தின் முதுகெலும்பு. அவன் கெட்டிக்காரன், தன் திறமையைத் தன் நாடு மதிக்கவில்லை என்ற கசப்பில் வெந்தவன். அவன் பக்கத்து நியாயத்தைச் சிவாஜி பாதிக் குரலில், கிட்டத்தட்ட வசீகரமாகச் சொல்கிறார். வில்லனாகக் காட்டியிருந்தால் உஷாவின் வேலை சுலபமாகியிருக்கும். அவனைக் காதலித்தவள் அவள், கல்லூரி நாளிலிருந்து.

சுடும் கணத்தைப் பற்றி என் வகுப்பில் வருடா வருடம் சண்டை வரும். நினைத்துச் சுட்டாளா, பதற்றத்தில் விரல் அழுத்தியதா? கைத்தாலியை மறந்து சுட்டுவிட்டாள் என்று காட்டப் படத்துக்கே தைரியம் போதவில்லை என்று ஒருத்தி சொல்வாள். எனக்கு அந்தக் கேள்வி இரண்டாம் பட்சம். துப்பாக்கியை எடுத்தது பதற்றம் இல்லை. நீட்டியது பதற்றம் இல்லை. அதற்கு முன்னால் பேசித் தீர்ந்த அத்தனை பேச்சும் பதற்றம் இல்லை.

அவள் வேறு என்ன செய்திருக்கலாம்? நல்ல கேள்வி, சட்டப் புத்தகத்தைத் திறக்க வைக்கும் கேள்வி. கதை நடக்கும் 1943இல் சென்னை மாகாணத்து இந்து மனைவிக்கு விவாகரத்துச் சட்டம் கிடையாது. தனியாக இருந்து ஜீவனாம்சம் கேட்கும் உரிமைச் சட்டமே 1946இல்தான் வந்தது. இருதார மணத் தடையும் விவாகரத்தும் சேர்ந்த சென்னை மாகாணச் சட்டம் 1949இல். நாடு முழுமைக்குமான இந்து திருமணச் சட்டம் 1955இல், அதாவது படம் வந்து ஒரு வருடம் கழித்து. டெல்லியில் இந்து சட்ட மசோதாக்களை எதிர்த்து, குடும்பம் குலைந்துவிடும் என்று தலைவர்கள் கத்திக்கொண்டிருந்த வருடங்களில் இந்தப் படம் எழுதப்பட்டது, எடுக்கப்பட்டது, தோற்றது. ராஜனைவிட்டு உஷா விலக முடியாது. விலகினாலும் அவன் செய்வது நிற்காது.

இன்னொரு பழைய சட்டமும் உண்டு, நம்முடையது இல்லை, நம்மை ஆண்டவர்களுடையது. இங்கிலாந்தில் 1351ஆம் வருடச் சட்டப்படி மனைவி கணவனைக் கொன்றால் அது வெறும் கொலை இல்லை, சிறு ராஜத் துரோகம். அரசனுக்குக் குடிமகன் எப்படியோ கணவனுக்கு மனைவி அப்படி. கணவன் மனைவியைக் கொன்றால் அது கொலை மட்டுமே. அந்தக் குற்றத்துக்குப் பெண்ணை எரிப்பது 1790இல்தான் நின்றது. குற்றத்தின் பெயரே 1828இல்தான் போனது. இப்போது ராஜனையும் உஷாவையும் பாருங்கள். துரோகம் என்ற சொல்லை மனைவியின் பக்கமிருந்து பிடுங்கிக் கணவனின் பக்கம் நட்டுவைத்தது இந்தப் படம். வீட்டுக்குள் யார் யாருக்கு விசுவாசம் காட்ட வேண்டும் என்ற கேள்வியை, ஒரு தலைமுறை பெண்கள் கேட்கத் துணியாத நேரத்தில், கேட்டுவிட்டது.

சரி, மூன்றாவது குறைக்கு வருகிறேன். தேசம். இதில் எனக்கும் கூச்சம் உண்டு. தேசபக்தியின் பெயரால் பெண்களிடம் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார்கள், தாலியைக் கேட்டிருக்கிறார்கள். மூன்று வருடம் கழித்து 'மதர் இந்தியா'வில் ஒரு தாய் தன் மகனைச் சுட்டதற்கு நாடே எழுந்து நின்று கைதட்டியது. உஷாவும் அந்த வரிசையில் ஒருத்திதானே?

1943 சென்னையில் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலானது. அந்த வருடம் செப்டம்பர் 10ஆம் தேதி சென்னைச் சிறையில் வக்கம் அப்துல் காதரும் அவருடைய தோழர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். பினாங்கிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் அனுப்பப்பட்டு, இந்தியக் கரையில் இறங்கி, பிரிட்டிஷ் அரசிடம் பிடிபட்டவர்கள் அவர்கள். அன்றைய அரசுக்கு எதிரியின் உளவாளிகள்; இன்றைக்கு நமக்குத் தியாகிகள். அக்டோபர் 21ஆம் தேதி சிங்கப்பூரில் சுபாஷ் போஸ் இடைக்கால அரசை அறிவித்தார். அதில் ஒரே பெண் அமைச்சர் சென்னையில் வளர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். அவர் தலைமையில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் பலர் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். திரையில் உஷா துப்பாக்கியைத் தூக்கிய அதே மாதத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் ஆயிரம் மைலுக்கு அப்பால், நிஜமான தமிழ்ப் பெண்கள் ஜப்பானோடு ஒரே பக்கம் நின்று துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். படம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. 1954இல் விட்டிருக்கவும் முடியாது.

அப்படியானால் உஷாவின் தேசம் எது? பிரிட்டிஷ் அரசா? கல்லூரியில் சுதந்திரம் பேசியவள் அவள், அதுவாக இருக்க முடியாது. போஸின் சேனையா? இல்லை. எனக்குத் தெரிகிற பதில், அவள் காப்பாற்ற நினைத்தது ஒரு கொடியை இல்லை, ஓர் ஊரை. குண்டு விழும் இடத்தில் குடியிருக்கிறவர்களை.

எங்கள் ஆயா சொல்வதை வைத்து இதை விளங்கிக்கொள்கிறேன். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் குண்டு போட்டதும், சென்னையைவிட்டுப் போகக்கூடியவர்கள் போய்விடலாம் என்று அரசாங்கமே சொன்னது. ரயிலடியில் கூட்டம். மூர் மார்க்கெட் பக்கத்து மிருகக்காட்சிசாலையில், கூண்டு உடைந்து வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில், சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஆயாவின் குடும்பம் தங்கசாலைத் தெருவிலிருந்து மாட்டு வண்டியில் பம்மலுக்கு வந்தது, அத்தை வீட்டுக்கு. அப்போது இது ஏரியும் வயலுமாகக் கிடந்த கிராமம். ஆம்பளைங்க வேலைக்கென்று பட்டணத்திலேயே தங்கிவிட்டார்கள். அரிசி, கெரசின், கைக்குழந்தைகள், கர்ப்பிணி ஓரகத்தி, எல்லாம் பெண்கள் தலையில். "இவாக்குவேஷன்ல வந்தது" என்று ஒரு பித்தளை அண்டாவைக் காட்டுவாள். அந்தச் சொல்லுக்கு அவளிடம் தமிழ் கிடையாது. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து துறைமுகத்துப் பக்கம் குண்டு போட்டபோது பெரும்பாலான குடும்பங்கள் திரும்பி வந்துவிட்டிருந்தன. ஆயாவும். நாடு, சேனை, சுதந்திரம் எதுவும் அவள் கதையில் வராது. விளக்கை அணைத்துவிட்டுக் குழந்தையின் வாயைப் பொத்தியதுதான் வரும்.

குண்டு எங்கே விழ வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறவன் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறான் என்று தெரிந்தால் ஒரு பெண் என்ன செய்வாள் என்பதுதான் உஷாவின் கேள்வி. தேசம் என்ற பெரிய சொல்லை அவள் வாயில் வைத்தவர்கள் ஜாவர் சீதாராமனும் பாலசந்தரும். அன்றைக்கு அவர்களிடம் இருந்த ஒரே கண்ணியமான சொல் அது. அந்தச் சொல்லைச் சற்று விலக்கிவிட்டுப் பார்த்தால் அதன் கீழே ஆட்கள் தெரிகிறார்கள்.

தமிழ் படித்தவளாக இருப்பதால் எனக்குக் கண்ணகி ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. கணவனுக்காக ஊரை எரித்தவளை நாம் தெய்வமாக்கினோம். ஊருக்காகக் கணவனைச் சுட்டவளைப் பாட்டில்லாத படம் என்று பெயர் வைத்து மூடிவிட்டோம். ஒரு கருத்தரங்கில் இதைச் சொன்னபோது மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, "அம்மா, சிலப்பதிகாரத்தை எதோடு வைக்கிறீர்கள்?" என்று கேட்டார். வைக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் உஷாவுக்கு நெருங்கிய உறவு கண்ணகி இல்லை, குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியத்தில் அதுவும் ஒன்று. மிஞ்சியது சொற்பப் பாடல்கள். கதையை நீலகேசி உரையிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. பத்திரை என்ற வணிகர் மகள் ஒரு கள்வனைக் காதலித்து மணக்கிறாள். ஒரு நாள் அவன் அவளை மலையுச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளிக் கொல்லப் பார்க்கிறான். சாகுமுன் உங்களை வலம்வந்து கும்பிடுகிறேன் என்று சொல்லிப் பின்னால் போய் அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். பிறகு அவள் தீக்குளிக்கவில்லை. ஊர் ஊராகப் போய்ச் சமய வாதம் செய்தாள், பௌத்தத் துறவியானாள். பாலியில் உள்ள தேரிகாதையில் அவள் பெயரில் பாடல்களே இருக்கின்றன. கணவனைக் கொன்றவளைத் தலைவியாக வைத்த காப்பியம் தமிழில் அழிந்துபோனதற்குச் சமயக் காரணம் சொல்கிறார்கள். இருக்கலாம்.

அந்தக் கதையை 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'மந்திரி குமாரி'யாக எடுத்தது, கருணாநிதியின் வசனம். மாதுரி தேவி எஸ்.ஏ. நடராஜனை மலையிலிருந்து தள்ளியபோது கொட்டகையில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. தன் உயிரைக் காத்துக்கொண்டாள் என்ற சமாதானம் இருந்தது. ராஜா ராணி காலம் என்ற தூரமும் இருந்தது. உஷாவுக்கு இரண்டும் இல்லை. அவன் அவளைக் கொல்ல வரவில்லை. அவள் இருந்ததோ மின்விளக்கும் ரேடியோவும் உள்ள ஒரு சென்னை வீட்டில். பத்து வருடத்துக்கு முந்திய நேற்று. ஜனங்கள் எழுந்து போனதில் பாட்டுக்கு எவ்வளவு பங்கு, இதற்கு எவ்வளவு பங்கு என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

படத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜாவரின் அதிகாரி கொஞ்சம் அதிகம் பேசுகிறார். ஹேமாவைச் சண்டைக்காரி என்ற ஒற்றைக் கோட்டில் வரைந்துவிட்டார்கள். கட்டியவனே கொலைகாரி என்று கைகாட்டும் ஒரு பெண்ணிடம் எவ்வளவு கதை இருந்திருக்கும்! அம்புஜத்தைக் குற்றத்திலிருந்து விடுவித்தவர்கள் அவளுக்கு ஒரு வாழ்க்கையையும் கொடுத்திருக்கலாம். மாருதி ராவின் கேமரா தாழ நின்று மேலே பார்க்கும்போதெல்லாம் கூரை வந்து எல்லார் தலையிலும் உட்கார்கிறது. அந்த வீட்டில் யாருக்கும் காற்று இல்லை என்பதை வசனத்தைவிட அது நன்றாகச் சொல்கிறது.

பண்டரிபாயைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. கன்னடத்திலிருந்து வந்தவர். 'பராசக்தி'யில் ஊர்த் துயரத்தைப் பாராமல் தன் துயரத்திலேயே சுழலும் குணசேகரனைத் திருத்தும் விமலாவும் அவர்தான். சிவாஜியின் முதல் இரண்டு ஆண்டுகளில் அவரோடு எதிர்நின்று வாதாடிய குரல் அது: உயராத குரல், இறங்காத குரல். உஷாவுக்குப் பிறகு அப்படி ஒரு வேடம் அவருக்கு அமையவில்லை. கொஞ்ச காலத்தில் அம்மா ஆக்கிவிட்டார்கள். 'குடியிருந்த கோயி'லில் எம்.ஜி.ஆருக்கு அம்மா. 1992இல் 'மன்னன்' படத்தில் ரஜினிகாந்துக்கு அம்மா. மகன் அவரைத் தூக்கிச் சுமந்துகொண்டு கோயிலுக்குப் போவான், பின்னால் பாட்டு. அந்தப் படத்தில் ஒரு பெண் முதலாளி இருக்கிறாள், திமிர் பிடித்தவள். அவளை அந்த அம்மா மருமகளாக்கிக்கொள்கிறார். படம் முடியும்போது மருமகளின் திமிர் அடங்கியிருக்கும். அவள் வீட்டோடு நின்றுகொள்ள, கணவன் வேலைக்குக் கிளம்புவான்.